செஞ்சிக்குப் போகிறவள்

பெரும்பாறைப் பக்கம் சோலைமலையின் வாய்க்குத் தப்பியது என்று எதுவும் இல்லை. கொடைக்கானலுக்குப் போகிற சுற்றுலாக்காரர்களின் வேன் ரோட்டோரம் நின்றால், "வீட்டுல ஃபேனப் போட்டுப் படுக்க வக்கில்லாம இம்புட்டுத் தூரம் நடுங்க வாராய்ங்க" என்பார். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜர் தொப்பி போட்டிருந்தால் தொப்பியைச் சொல்வார். கழற்றிவிட்டால் வழுக்கையைச் சொல்வார். மழை பெய்தால் இதெல்லாம் ஒரு மழையா என்பார். பெய்யாவிட்டால், மேகத்துக்குக்கூட இந்த மலையைக் கண்டால் இளக்காரம் என்பார். தானும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதை மறந்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாராவது தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைத்தால், "சிலோன் நாத்தம் இன்னும் போகல பாரு" என்பார். அந்தச் சம்பலைத் தொட்டுக்கொண்டு நாலு ரொட்டி தின்பவரும் அவர்தான்.

ஆனால் வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றை மூங்கில் ஏணியைத் தனியாளாகத் தோளில் தூக்கிப்போய்ச் சில்வர் ஓக் மரத்தில் சாய்ப்பார். இடுப்பில் கட்டிய சாக்குப் பையோடு நாற்பதடி ஏறி, மிளகுச் சரத்தைக் கொடி நோகாமல் கிள்ளிப் போடுவார். அந்த உயரத்திலிருந்துதான் உலகத்தைப் பார்த்துப் பேசுவார். கீழே காப்பிப் பழம் எடுக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். லயத்தில் மொத்தம் எட்டு வீடு. அவர் பேசினால் ஏழு வீடு சிரிக்கும்.

அவர் மனைவி சுப்பம்மா சிரிக்க மாட்டாள். காப்பிச் செடி வரிசையில் அவளுடைய கை வேகத்துக்கு ஈடு கிடையாது. பேச்சு மட்டும் குறைவு. அவர் பேசும்போது குனிந்து பழம் எடுப்பாள். நிறுத்தினாலும் குனிந்து பழம் எடுப்பாள்.

ஒரே மகன் யோகேஷ். கொடைக்கானலில் ஒரு யோகா விடுதியில் ரூம் பையனாகச் சேர்ந்தவன், மாடியில் நடந்த வகுப்பை எட்டிப் பார்த்துப் பார்த்து, பிறகு முறையாகவே படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டான். ஏழு வருடத்துக்கு முன்னால் சீனாவில் ஷென்ஜென் என்கிற பெரிய நகரத்துக்கு யோகா மாஸ்டராகப் போனான். அன்றைக்குச் சோலைமலை சொன்னது லயத்தில் இன்னும் ஓடுகிறது. "மூச்சு விடச் சொல்லிக் குடுக்க ஒருத்தன் சீனாவுக்குப் போறான். அதுவரைக்கும் அவய்ங்க மூச்சு விடாமயா இருந்தாய்ங்க?"

அந்த ஊரின் பெயரையும் அவர் சரியாகச் சொன்னதில்லை. முதல் நாளே அது அவர் வாயில் செஞ்சி ஆகிவிட்டது. "எம் மகன் செஞ்சியில இருக்கான்" என்றால், விழுப்புரம் பக்கத்துச் செஞ்சி என்று நினைத்துக்கொண்டு, கோட்டையெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்களும் உண்டு.

யோகேஷ் அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெயர் லீனா. கைபேசிக்குக் கண்ணாடி பொருத்துகிற கம்பெனியில் சூப்பர்வைசர். போட்டோவைப் பார்த்த சுப்பம்மா, "லீனான்னா வேதக்காரப் புள்ளையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, சீனத்திலேயே அப்படி ஒரு பெயர் உண்டு என்றான். அவளுக்கு விசா கிடைக்காததால் இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பக்கம் வர முடியவில்லை.

கார்த்திகை மாதம், காப்பிப் பழம் உச்சத்தில் இருந்தபோது அவன் போன் செய்தான். லீனா முழுகாமல் இருக்கிறாள், பங்குனிக் கடைசியில் பிரசவம் என்றான். அவளுக்கு அம்மா கிடையாது. அப்பா மட்டும்தான்.

"இங்கயும் நம்மளை மாதிரித்தாம்மா. பிள்ளை பெத்தவள ஒரு மாசம் வெளிய விடமாட்டாங்க. பச்சத்தண்ணி தொடக்கூடாது, பத்தியச் சாப்பாடு எல்லாம் உண்டு. நீங்க ரெண்டு பேரும் வந்து ஒரு மாசம் இருங்க."

சுப்பம்மா போனைக் கணவரிடம் நீட்டினாள். சோலைமலை வாங்கி, "நாங்க வந்து என்னத்தடா திங்கிறது? பாம்பா, பல்லியா?" என்றார்.

"அப்பா, இங்க நான் ஏழு வருசமா சோறுதான் திங்கிறேன்."

"பாம்பு வறுத்த சட்டியில பொங்குன சோறு."

அவன் சிரித்ததாகத் தெரியவில்லை. "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கப்பா. லீலா அக்காகிட்டச் சொல்லியிருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

லீலா பெரும்பாறையில் இ-சேவை மையம் வைத்திருப்பவள். மார்கழி முழுக்கச் சோலைமலையும் சுப்பம்மாவும் வேலை முடிந்து, பழக்கறை படிந்த கையோடு அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். சுப்பம்மா பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பிறந்த இடம் இலங்கை என்று போட்டதும் ஆயிரம் கேள்வி வந்தது. அவள் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்டியில் இந்தியத் தூதரக ஆபீஸில் கொடுத்தது. குடும்பப் படத்தில் அம்மா இடுப்பில் ஒரு கைக்குழந்தை, முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி. அந்தச் சிறுமிதான் சுப்பம்மா.

திண்டுக்கல் தபாலாபீஸ் பாஸ்போர்ட் மையத்தில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எஸ்டேட்ல கூலி வேலைன்னு போட்டிருக்கு. சைனாவுக்கு எதுக்குப் போறீங்க? அங்கயும் காப்பித் தோட்டம் இருக்கா?"

"இல்லீங்க. மருமகளுக்குப் பேறுகாலம்" என்றாள் சுப்பம்மா.

வெளியே வந்ததும் சோலைமலை, "எச்சி தொட்டு ரப்பர் ஸ்டாம்பு குத்துற பயலுக்கு என்னா கேள்வி" என்றார். பஸ்ஸில் சித்தரேவு வரும்வரை அந்த ஆளின் மூக்குக்கண்ணாடி, பேனா, சட்டைப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து உரித்துக்கொண்டே வந்தார்.

இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது. அதிலிருந்து அவர் போகிற பேச்சாகவே இருந்தார். போகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அங்க போயி என்னத்தப் பாக்கப் போறேன்" என்று ஒரு நாளைக்கு மூன்று கடையில் சொன்னார். பழனிமுத்துவின் டீக்கடையில் கட்டஞ்சாயாவை ஆற்றியபடி, "எம் மகன் இருக்கிறது நாப்பத்தொண்ணாவது மாடியாம். நான் மரத்துல ஏறுன ஒசரத்தை எல்லாம் கூட்டுனா நிலாவுக்கே போயிருப்பேன். இவய்ங்க என்னமோ பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டு மேல போறதப் பெருசா பேசுறாய்ங்க" என்றார்.

"டிரைவர் இல்லாமக் கார் ஓடுதாமே மாமா?" என்றான் பழனிமுத்து.

"நம்ம ஊர்ல டிரைவர் இருந்துமே அப்படித்தானேடா ஓடுது."

ஆனால் வத்தலக்குண்டில் இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்திருந்தார். ஷூ ஒன்று வாங்கி, மிளகு காயப்போடும் சிமெண்டுக் களத்தில் சாயங்காலம் யாரும் இல்லாதபோது போட்டு நடந்து பார்த்தார். லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

சுப்பம்மா தன் போக்கில் ஆயத்தம் செய்தாள். சுக்கும் திப்பிலியும் இடித்துச் சலித்தாள். பூண்டி கிராமத்துக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த மலைப்பூண்டில் சிறு பல்லாகப் பார்த்துப் பொறுக்கி, உரித்து, காயவைத்துப் பொடியாக்கினாள்.

"சீனப் பூண்டு வந்து இறங்கித்தான் பூண்டிக்காரன் தலையில துண்டு விழுந்து கெடக்கு. நீ இங்கேருந்து அங்க பூண்டு தூக்கிட்டுப் போற" என்றார் சோலைமலை.

"இது மருந்துக்கு" என்றாள் அவள்.

பொங்கலன்று யோகேஷ் வீடியோவில் வந்தான். விடுமுறை ஆனதால் லயத்துக்காரர்கள் பாதிப் பேர் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நின்றார்கள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். திரையில் லீனா மேடிட்ட வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. கழுத்துவரை பொத்தான் போட்ட நீலக்கோட்டு; தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை. இந்த நேரத்துக்காகவே அவர் உடுத்திக்கொண்டு வந்திருந்தது பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா, இவருதான் லீனாவோட அப்பா. முப்பது வருசம் டவுன் பஸ் ஓட்டுனவரு" என்றான் யோகேஷ்.

சீனக்காரர் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். சோலைமலை இரண்டு கையையும் கூப்பினார். முகம் நிறையச் சிரிப்பு.

"வணக்கம் சம்பந்தி" என்றார். பிறகு அதே சிரிப்போடு, அதே குரலில், "முப்பது வருசமும் கண்ணத் தொறந்துக்கிட்டு ஓட்டுனீங்களா, மூடிக்கிட்டே ஓட்டுனீங்களா? இப்பத் தொறந்திருக்கா, மூடியிருக்கான்னே தெரியலயே" என்றார்.

வாசலில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருதி ஏற்றியது.

"மூக்கு வைக்கிறதுக்குள்ள சாமிக்கு மண்ணு தீந்துபோச்சு போல. ஏ சுப்பம்மா, ஒன்னய எதுக்குக் கூப்பிடுறாய்ங்கன்னு இப்பத்தேன் வெளங்குது. பொறக்கப் போற பிள்ளைக்கு மூக்கப் பிடிச்சு விடுறதுக்கு ஆளில்ல. வெரசாப் போ. லேட்டாப் போனா மூக்கு இல்லாமயே நின்னுபோகும்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. இவர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து சீனக்காரரும் சிரித்தார். கையிலிருந்த டீக் கிளாசை உயர்த்திக் காட்டினார். யோகேஷ், "அப்பா..." என்றான். லீனா சிரிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி ஏதோ மெதுவாகச் சொல்லி, அவர் கையிலிருந்த கிளாசைத் தாழ்த்தினாள். திரை இருண்டுவிட்டது.

"நெட்டு போயிருச்சு" என்றார்கள்.

சுப்பம்மா உள்ளே போய், வெந்து முடிந்த பொங்கலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

தையும் கழிந்தது. மிளகு பழுத்தது. வெள்ளனே ஏழு மணிக்கு ஏணியோடு கிளம்பினால் சோலைமலை நாலு மணிவரை மரத்தில்தான். காலையில் பனிமஞ்சு இறங்கிக் கொடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பத்து மணிக்கு மேல்தான் பிடி வழுக்காது. ஓடைப் பக்கம் ஒரு காட்டுமாடு சாய்ந்த கொம்போடு நாலு நாளாகத் திரிந்தது. அதையும் அவர் விடவில்லை.

மாசி முதல் வாரம் லீலா கூப்பிட்டு அனுப்பினாள். யோகேஷிடமிருந்து விசாவுக்கான அழைப்புக் கடிதம் வந்திருந்தது. அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி சீனம், பாதி இங்கிலீஷ். அவள் இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா பேரு மட்டுந்தாண்ணே இருக்கு."

"இன்னொரு தாளு இருக்கும். பாரு" என்றார் சோலைமலை.

"இல்லண்ணே. ஒண்ணுதான் அனுப்பியிருக்கு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். "பேர் எழுதக்கூடத் துப்பில்ல. இவன் ஊருக்கெல்லாம் வாத்தியாரு" என்றார். சுப்பம்மா கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டார். யோகேஷ் பிடி கொடுக்கவில்லை. இப்போதைக்கு அம்மாவுக்கு மட்டும் விசா எடுப்போம், அடுத்தது பார்க்கலாம் என்றான். என்னடா அடுத்தது என்றால், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றான். சோலைமலை போனை வைத்துவிட்டு, "நான் என்னமோ அங்க வரத் தவங் கெடக்கிற மாதிரி" என்றார். சுப்பம்மாவின் தாள்கள் மதுரையில் ஒரு ஏஜெண்டு வழியாக டெல்லிக்குப் போயின.

நாலு நாள் அவர் இதையே பேசினார். ஐந்தாம் நாள், நாள் தப்பிய மழை ஒன்று வந்தது. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தாண்டிக்குடிப் பக்கம் இருட்டியதைப் பார்த்ததும் எல்லோரும் ஓடினார்கள். சோலைமலையும் சுப்பம்மாவும் ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயை இழுத்து மிளகை மூடி, விளிம்பில் கல் தூக்கி வைப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். மற்றவர்கள் லயத்துக்கு ஓடிவிட, இவர்கள் இரண்டு பேரும் களத்தோரத் தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். மழை தகரத்தில் இரைந்தது.

"நாளைக்கு அந்தப் பயல மறுபடியும் கூப்பிடணும். என்னையும் சேத்து ஒரு தாளு அனுப்பச் சொல்லணும். ஒத்தப் பொம்பளையா நீ எப்படிப் போவ?" என்றார் சோலைமலை.

சுப்பம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அவன் மறக்கல. நாந்தேன் ஒங்க பேரு வேணாம்னேன்."

அவர் சரியாகக் கேட்காதவர்போல அவளைப் பார்த்தார்.

"அவன் மாட்டேன்னான். அப்பா வருத்தப்படுவாருன்னான். நாந்தேன் பிடிவாதமாச் சொன்னேன்."

"எதுக்கு?"

"லீனாவுக்குத் தமிழ் தெரியும்."

மழை வலுத்ததால் அவள் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா பொதன்கெழம மத்தியானம் போன்ல பேசுறது யாருன்னு நெனைச்சீங்க? யோகேசுன்னா? அவனுக்கு அந்நேரம் வகுப்பு. அந்தப் புள்ளதேன் பேசும். அவன்கிட்டப் பாதி கத்துக்கிச்சு, எங்கிட்டப் பாதி. சம்பல் எப்படி அரைக்கிறதுன்னு கேக்கும். மாமா மரத்துல இருக்காங்களா, பத்திரமா எறங்கிட்டாங்களான்னு கேக்கும். ஒரு வாரம் தப்பாமக் கேக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தப் புள்ள பேசுற தமிழ எட்டு வீட்டுக்கும் பேசிக் காட்டுவீங்க."

சோலைமலை நனைந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டில் இருந்த தண்ணீர்தான் முகத்துக்கு வந்தது.

"பொங்கலுக்கு மறுவாரம் கூப்பிட்டுச்சு. அழுகல, கோவப்படல. 'அத்தை, மாமா எதுக்கு எங்க அப்பாவப் பாத்துச் சிரிச்சாங்க'ன்னு மட்டும் கேட்டுச்சு. நான் என்ன சொல்ல?" சுப்பம்மா பேசிக்கொண்டே போனாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "நாங்க கப்பல்ல வந்து எறங்கி இந்த எஸ்டேட்டுக்குப் பேர் பதிய வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்கப்பா சிலோன் கால்சட்டை போட்டுக்கிட்டு மேசைக்கு முன்னாடி நிக்கிறாரு. கணக்கெழுதுற ரைட்டரு சுத்தி நிக்கிறவய்ங்களப் பாத்துச் சொல்றான், 'இவய்ங்க அங்க தேயிலையத் தின்னுக்கிட்டுக் கெடந்தவய்ங்க, சோறு போட்டாத் திங்கத் தெரியுமாடா'ன்னு. எல்லாரும் சிரிச்சாய்ங்க. எங்கப்பாவும் பல்லக் காட்டிச் சிரிச்சாரு. எதுக்குப்பா சிரிச்சீங்கன்னு கேட்டேன். வேல வேணும்ல புள்ளன்னாரு."

"அதையும் இதையும் ஏன் சேக்குற? நான் வெளையாட்டாப் பேசுனது."

"அந்த ரைட்டரும் வெளையாட்டாத்தேன் பேசுனான்."

"அப்ப நான் ரைட்டரா?"

"ஒங்களுக்கு மேசைதான் இல்ல."

அவர் எழுந்து கொட்டகை விளிம்புவரை போனார். மழைக்குள் போகவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை. அங்கே நின்றபடியே கேட்டார்.

"எம் பேரப்பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

"பாருங்க. அது பேசப் பழகுனதுக்கு அப்புறம் வந்து பாருங்க. நீங்க ஒண்ணு சொன்னா அது திருப்பி ஒண்ணு கேக்கும்ல. பச்ச ஒடம்புக்காரிய வச்சுக்கிட்டு ஒரு மாசம் ஒங்க வாய என்னால காவல் காக்க முடியாது."

மழை விட்டதும் அவள் முதலில் இறங்கி நடந்தாள்.

அடுத்த சில நாட்கள் மரத்திலிருந்து பேச்சு வரவில்லை. கிள்ளிய சரம் சாக்கில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. கீழே பெண்களுக்கு அந்த நாட்களில் வேலையே ஓடவில்லை. ஒருத்தி, "என்னண்ணே, காட்டுமாடு வந்து நிக்குது, ஒண்ணும் சொல்லக் காணோம்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் அடுத்த சரத்துக்குக் கையை நீட்டினார்.

அழைப்பில் அவர் பெயர் இல்லை என்பது லீலா கடையிலிருந்து எப்படியோ கசிந்து டீக்கடைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் கிளாசை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் பழனிமுத்து ஆரம்பித்தான்.

"என்ன மாமா, செஞ்சிக்குப் பேண்டெல்லாம் தச்சாச்சாம். கூப்பிடத்தான் ஆளில்லையாம்ல?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொருவன் சொன்னான்: "ஷூவ வீணாக்காதீங்க மாமா. மரம் ஏறப் போட்டுக்கங்க."

"சீனாக்காரன் இவரு போட்டோவப் பாத்திருப்பான்டா. கதவப் பூட்டிட்டான்."

சோலைமலைக்கு இதையெல்லாம் திருப்பி அடிக்க ஒரு நிமிடம் போதும். பழனிமுத்துவின் அப்பாவிலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்தார். லயத்துக்கு நேராகப் போகாமல் களத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணிக்குச் சுப்பம்மா வழக்கம்போல் ஆரஞ்சு மரத்தடியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவள், செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சோலைமலை சாக்குப் பையைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார்.

"குடு."

அவள் கொடுக்கவில்லை. போனைப் பார்த்து, "மாமா பேசணுங்கிறாரு. பேசுறியா?" என்று கேட்டாள். பதில் வந்த பிறகுதான் நீட்டினாள்.

திரையில் லீனா. முகம் சற்று வீங்கியிருந்தது.

"வணக்கம் மாமா. சாப்பிட்டீங்களா?"

தமிழில் அவள் பேசியது அவரைத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்து வந்தவர்தான், இருந்தாலும்.

"ம். நீ சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

 நாக்கு நுனியில் எப்போதும் தயாராக நிற்கிற சொல் எதுவும் இதற்கு ஆகாது.

"அன்னைக்கு... பொங்கலன்னைக்கு நான் பேசுனது. அது சும்மா வெளையாட்டுக்கு."

லீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பம்மா ரொட்டியை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"வெளையாட்டு இல்ல" என்றார் சோலைமலை. "தப்பு. நான் எல்லாரையும் அப்படித்தேன் பேசுறது. பேசியே பழகிப்போச்சு. ஒங்கப்பாவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"எங்கிட்ட வேணாம் மாமா. அப்பா பக்கத்து ரூம்ல இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. நான் சீனத்துல சொல்றேன்."

"அவருக்குத்தான் அன்னைக்கு ஒண்ணும் புரியலயேம்மா?"

"புரியல. என்ன சொன்னாங்கன்னு என்னைய ரெண்டு தடவ கேட்டாங்க. உங்களுக்கு வாழ்த்து சொன்னாங்கன்னு பொய் சொன்னேன். எனக்கு அது பிடிக்கல. நீங்க அன்னைக்குச் சொன்னத முதல்ல சொல்லுங்க. அப்புறம் மன்னிப்பு சொல்லுங்க."

சோலைமலை மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

நீலக்கோட்டு இல்லாமல், பனியனோடு சீனக்காரர் வந்து உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தினார். சோலைமலையும் தலையைத் தாழ்த்தினார். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கேட்டதைச் சொன்னார். அன்றைக்கு ஓடி வந்த வார்த்தைகள் இப்போது ஒவ்வொன்றாக இழுத்தால்தான் வந்தன. லீனா அதைச் சீனத்தில் சொன்னாள். மூக்குக்கு மண் தீர்ந்துபோனதையும் சொன்னார். பிள்ளையின் மூக்கைப் பற்றிச் சொன்னது வாயில் வரவேயில்லை.

"இன்னொண்ணு இருக்கு மாமா" என்றாள் லீனா.

அதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் பேசுனது எல்லாம் தப்பு சம்பந்தி. மன்னிச்சுக்கங்க" என்றார்.

லீனா சொல்லி முடித்ததும் சீனக்காரர் அவரையே பார்த்தார். பிறகு கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பேசினார். பேச்சின் நடுவே லீனா முதலில் ஏதோ கண்டித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"பரவாயில்லைன்னு சொல்றாங்க மாமா. அன்னைக்கு உங்களப் பாத்ததும் அப்பாவும் உங்களப் பத்தி ஒண்ணு சொன்னாங்களாம். நான் அப்ப கவனிக்கல. இப்ப மறுபடி சொன்னாங்க."

"என்ன சொன்னாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன் மாமா. அதுவும் தப்பு."

சீனக்காரர் டீக் கிளாசை உயர்த்திக் காட்டினார். அப்புறம் சுப்பம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து சோலைமலைக்கு நிலைகொள்ளவில்லை. லயத்துக் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதில் முளைத்த மயிரைக் கத்தரித்தார். மீசையைப் பாதியாகக் குறைத்தார். சாப்பிடும்போது திடீரென்று, "நெறத்தச் சொல்லியிருப்பானோ?" என்பார். மரத்திலிருந்து, "ஏ சுப்பம்மா, பல்லா இருக்குமோ?" என்று கத்துவார். "சோலியப் பாருங்க" என்பாள் அவள். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் மற்றவர்களைப் பற்றிச் சொன்ன ஆயிரம் பேச்சையும் அவர் மறந்திருக்கலாம். தன்னைப் பற்றி ஒருவன் சொன்ன, காதில் விழாத ஒரு பேச்சு அவரை அரித்தது.

பங்குனி பத்தாம் தேதி சுப்பம்மா கிளம்பினாள். யோகேஷோடு வேலை பார்க்கும் செந்தில்வேல் என்பவன் லீவு முடிந்து திரும்புகிறான். மதுரை விமான நிலையத்திலிருந்து அவன் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மதுரைவரை துணைக்கு லீலா வருகிறாள். நானும் மதுரைவரை வருகிறேன் என்று சோலைமலை சொல்லிப் பார்த்தார். மிளகு களத்தில் கிடக்கு, வேண்டாம் என்றுவிட்டாள்.

விடிந்தும் விடியாததுமாக வத்தலக்குண்டு பஸ் பெரும்பாறையில் வந்து நின்றது. மஞ்சு ரோட்டை மூடியிருந்தது. சோலைமலை பெட்டியை ஏற்றி, பொடிகள் வைத்த பையை அவள் மடியில் கொடுத்துவிட்டு இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். பழனிமுத்து டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்போர்ட்டு இருக்கா?"

"இருக்கு."

"பிளேனுக்குள்ள குளிருமாம். ஸ்வெட்டரப் போட்டுக்க."

"சரி."

"பிள்ளை பொறந்ததும் போன் போடு. என்னேரம்னாலும் போடு."

"போடுறேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். சோலைமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே நடந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏ சுப்பம்மா. அந்தாளு என்னயப் பத்தி அன்னைக்கு என்னதான் சொன்னான்னு லீனாகிட்ட நைசாக் கேட்டுப் பாரு. ஒங்கிட்டன்னா சொல்லும்."

"கேக்குறேன்" என்றாள் சுப்பம்மா. பஸ் வேகம் எடுத்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கேட்டு நான் மட்டும் வச்சுக்கிறேன்."

சோலைமலை வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வளைவில் திரும்பி மஞ்சுக்குள் போய்விட்டது.